பரிசல் துறையில் கேட்ட சொல்

அன்று துறையில் இருந்தவர்கள்: நான், வெள்ளைச்சாமி அண்ணனின் மனைவி வீரலட்சுமி, பேக்கிங் செக்‌ஷன் கந்தன். எதிர்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவர். அவர் பெயர் வெங்கடசாமி என்பது பிறகுதான் தெரிந்தது.

இருந்திருக்க வேண்டியவன் மெஹபூப் பாஷா. அவனை வரவேண்டாம் என்று சொன்னது நான்.

வெள்ளைச்சாமி அண்ணனும் இருந்தார். அது எங்களுக்குத் தெரியவில்லை.

எண்பத்தெட்டாம் வருஷம், ஐப்பசி. ஓசூரில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினோரு மாதம் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு நான் வேலையிலிருந்து நின்றிருந்தேன். யாரும் என்னை நிறுத்தவில்லை. ஒருநாள் இரவு கம்பெனி பஸ் வந்து நின்றது, நான் ஏறவில்லை. அடுத்த நாளும் ஏறவில்லை. அவ்வளவுதான்.

நைட் ஷிப்டில் வேலை கஷ்டமில்லை. பகல் தூக்கம்தான் கஷ்டம். மத்திகிரியில் நாங்கள் இருந்த லைன் வீடுகளுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். காலை ஒன்பது மணிக்கே உள்ளே அடுப்புக்குள் படுத்த மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டில் ரேடியோ, எதிர்வீட்டில் குழந்தை, குழாயடியில் குடங்கள். கண்ணை மூடினால் மெஷின் ஓடும், திறந்தால் ஊர் ஓடும். ஆறாவது மாதத்தில் நான் பைத்தியக்காரனைப் போலச் சுற்ற ஆரம்பித்தேன். காலையில் ஷிப்ட் விட்டதும் சூளகிரி பஸ்ஸில் ஏறி, சானமாவுக் காடு தொடங்கும் இடத்தில் இறங்கி, உள்ளே நடந்தேன். ஏன் அங்கே இறங்கினேன் என்று கேட்டால் பதில் கிடையாது. அங்கே யாரும் இறங்கவில்லை, அதனால்.

முதலில் தைலமரத் தோப்பு. அதில் நிழலே இருக்காது. அதைத் தாண்டினால் மூங்கில், உண்ணிப் புதர், ஒற்றையடிப் பாதை. பாதை நெடுக யானை லத்தி கிடக்கும்; காய்ந்திருந்தால் நடப்பேன், ஈரமாக இருந்தால் நின்று காது கொடுப்பேன். முக்கால் மணி நேரம் நடந்ததும் பாதை திடீரென்று முடிந்து, கருங்கல் படிகள் எட்டு, கீழே தென்பெண்ணை. பரிசல் துறை. ஆற்றில் கீழே பாலம் கட்டிய பிறகு பரிசல் நின்றுவிட்டது. பரிசல் கட்டிய கல்தூண் மட்டும் நின்றது. அதன் இடுப்பில் கயிறு அறுத்த பள்ளம் விரல் நுழையும் ஆழத்துக்கு இருந்தது. புங்கமர நிழல் படிகளின் மேல் விழும். சத்தமில்லை. அங்கே படுத்து, பிணம் மாதிரி மத்தியானம் வரை தூங்கினேன்.

அந்த இடத்தை வெள்ளைச்சாமி அண்ணனுக்குக் காட்டியதும் நான்தான். அவர் கோவில்பட்டிப் பக்கம், என் ஊரிலிருந்து எட்டு மைல் தள்ளின ஊர். ஹீட் ட்ரீட்மென்ட்டில் வேலை. அவரும் தூங்காமல் செத்துக்கொண்டிருந்தார். நான் வேலையை விட்ட பிறகு அவர் தனியாகவே போய் வந்தார். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தார். "வீட்டுல தூக்கம் வரல, காட்டுல வருதுன்னா பொம்பள மனசு சங்கடப்படும்லா. நீயும் வாயத் தொறக்காத" என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். லைன் வீட்டுக்காரர்களில் கன்னடம் தெரிந்தவன் நான் என்று பெயர். எனக்குத் தெரிந்தது நாற்பது வார்த்தை. பேக்கு, பேடா, எஷ்டு, ஊட்டா ஆய்த்தா; வேணும், வேண்டாம், எவ்வளவு, சாப்பிட்டாச்சா. தெற்கிலிருந்து வந்தவர்களுக்கு அதுவே தெரியாது. அதனால் ரேஷன் கடைக்கும், வீட்டுக்காரி நாராயணம்மாவோடு தண்ணீர்ச் சண்டைக்கும் என்னைத்தான் கூட்டிப்போவார்கள். வேலை இல்லாதவனுக்கு ஒரு மரியாதை தேவைப்பட்டது. அதை நான் வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வீரலட்சுமி மைனி என் அறை வாசலில் வந்து நின்றாள். பின்னால் கந்தனும் பாஷாவும். அன்று கந்தனுக்கு லீவு. பாஷா முதல் ஷிப்ட் பாதியில் கேட் பாஸ் வாங்கி வந்திருந்தான்.

"முத்து, ஒங்க அண்ணன் இன்னும் வரல. கம்பெனியில கேட்டா காலையில ஏழு மணிக்கே போயாச்சுங்காக. ஓவர்டைமே ரெண்டு மாசமா கெடையாதாமே?"

நான் சொன்னேன். துறையைப் பற்றிச் சொன்னேன்.

"வீட்டுல பாய் இல்லையாமா அவுகளுக்கு?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

பாஷா கிருஷ்ணகிரிக்காரன். தமிழ், உருது, தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரே வாயில் பேசுவான். "நானும் வர்றன்டா. அந்தாண்ட கரைல எல்லாம் கன்னடக்காரனுங்க. எதனா விசாரிக்கணும்னா நான் இருந்தா நல்லது" என்றான்.

"கன்னடம் நான் பேசிக்கிடுதேன். நீ சைக்கிள எடுத்துட்டு ஸ்டேஷனுக்குப் போ. ஆளக் காணோம்னு எழுதிக் குடு" என்றேன்.

"நீ பேசுறது கன்னடமா? கன்னடக்காரன் கேட்டா அழுவான்."

"போடா."

அவன் சிரித்துக்கொண்டே போனான். நானும் சிரித்தேன். அப்போது எல்லாருமே, அவர் எங்கேயோ அசந்து தூங்குகிறார் என்றுதான் நினைத்தோம்.

காட்டுக்குள் கந்தன்தான் முதலில் பயந்தான். அவன் முசிறிக்காரன், காவிரிக்கரையில் வாழைத்தோப்பைத் தவிர அடர்த்தியான எதையும் பார்த்ததில்லை. ஒவ்வொரு லத்தியையும் செருப்பு நுனியால் தொட்டுப் பார்த்தான்.

"ஏம்ப்பா, இது இன்னைக்குப் போட்டதா, நேத்துப் போட்டதா?"

"நேத்து."

"உனக்கு எப்படித் தெரியும்? சீல் குத்தியிருக்கா?"

மைனி சிரிக்கவில்லை. சேலையை வரிந்து கட்டி எங்களுக்கு முன்னால் நடந்தாள். மூங்கில் வந்ததும் "தெனமும் இவ்வளவு தூரமா நடப்பாக?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நைட்டு பூரா நின்னுட்டு?" ஆமாம். அதற்குப் பிறகு வேகத்தைக் கூட்டினாள்.

துறைக்கு வந்தபோது எட்டுப் படிகளில் மூன்றுதான் தெரிந்தன. மீதி தண்ணீருக்குள். கர்நாடகத்தில் மழை பெய்திருக்க வேண்டும். ஆறு செம்மண் நிறத்தில் அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் அறிந்த சத்தமில்லாத துறை இல்லை அது. பேசுவதென்றால் கத்த வேண்டியிருந்தது.

மேல்படியில் அவருடைய துண்டு, கம்பெனி ஷூ, தூக்குப்போணி. மைனி போணியை எடுத்தாள். சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். அவள் உள்ளே விரலால் தடவிப் பார்த்தாள்.

"சாப்பிட்டிருக்காக" என்றாள்.

வெயிலில் கீழ்ப்படிதான் குளிர்ச்சி. நானும் கீழ்ப்படியில்தான் படுப்பேன். அதை நான் சொல்லவில்லை.

அப்போதுதான் எதிர்க்கரையில் கிழவரைக் கண்டோம். சற்றுக் கீழே தள்ளி, நாணல் புதருக்குப் பக்கத்தில், முப்பது நாற்பது ஆடுகளோடு நின்றார். எங்களைப் பார்த்ததும் கம்பளியைத் தோளிலிருந்து எடுத்து ஆட்டினார். நான் கையைக் குவித்துக் கத்தினேன்.

"ஒப்ப மனுஷ நோடிதிரா?" ஒரு ஆளைப் பார்த்தீர்களா?

கிழவர் கத்தினார். தண்ணீர்ச் சத்தத்தில் அது துண்டு துண்டாக வந்தது.

"இல்லவ்னே! இல்லவ்னே!"

"என்னாங்கிறான்?" என்றான் கந்தன்.

"இல்லையாம்."

கிழவர் நிறுத்தவில்லை. கம்பளியை மேலும் கீழும் வீசினார். இரண்டடி முன்னால் வந்தார், திரும்பிப் புதரைப் பார்த்தார், மறுபடி வீசினார்.

"அப்புறம் எதுக்கு அப்படி ஆட்டுறான்?"

எனக்கும் அது விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். "யானை இருக்கும் போல. போயிருங்கன்னு சொல்லுதாரு" என்றேன்.

கந்தனுக்கு அது போதும். அப்போதே பாதிப் பாதையில் இருந்தான். மைனி நகரவில்லை.

"இன்னொரு தரம் கேளு, முத்து."

"ரெண்டு தரம் சொல்லிட்டாரு மைனி."

"பாலம் வழியாச் சுத்தி அந்தக் கரைக்குப் போயிப் பாப்பமா?"

"அங்க இல்லைன்னுதான அவரு சொல்லுதாரு? இந்தக் கரையிலயே எங்கயாவது மேல ஏறியிருப்பாரு. பொழுது போறதுக்குள்ள ரோட்டுப் பக்கம் தேடுவோம். வாங்க."

அவள் துண்டையும் ஷூவையும் போணியையும் எடுத்துக்கொண்டாள். மூங்கில் மறைக்கும் வரை இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். நானும் ஒருமுறை பார்த்தேன். கிழவர் இன்னமும் கம்பளியை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பாஷா வந்து சொன்னான். எதிர்க்கரைக் கிராமத்து ஆட்கள் அண்ணன் உடலைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கிவந்து பாலத்தடியில் போலீஸிடம் ஒப்படைத்திருந்தார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது. பாறையில் மோதியிருக்க வேண்டும். தூங்கும்போது வெள்ளம் இழுத்துப்போயிருக்கிறது என்று ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். மத்திகிரியிலேயே அடக்கம் செய்தோம். மைனியின் தம்பி தந்தி கிடைத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எதிர்க்கரை என்று கேட்டதிலிருந்து எனக்குள் ஒன்று இடறிக்கொண்டே இருந்தது. கிழவருக்குத் தெரியாமல் அண்ணன் கிடந்திருப்பார் என்று சொல்லி அதை அடக்கினேன்.

மூன்றாம் நாள் குழியில் பால் தெளித்த பிறகு மைனி என்னைக் கூப்பிட்டாள்.

"அவுக கெடந்த எடத்துலயும் பால் ஊத்தணும். நீ வா. ஒனக்குத்தான் அந்தக் கரைக்காரவுக பாஷை தெரியும்."

அதே போணியின் மேல்தட்டில் பால் கொண்டுவந்தாள். இந்த முறை பஸ்ஸில் பாலம் தாண்டி இறங்கி, எதிர்க்கரை வழியாக மேலேறினோம். இந்தப் பக்கத்தில் காடில்லை. சோளக்கொல்லைகள், பிறகு நாணல். வெள்ளம் வடிந்திருந்தது. துறையின் எட்டுப் படிகளும் எதிரே தெரிந்தன. தூரத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கிழவர் அங்கேதான் ஆடுகளோடு இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நின்று, என் முகத்தையே பார்த்தார்.

"நீவே தானே அவத்து ஆ கடெ நிந்தித்தோரு?" அன்று அந்தப் பக்கம் நின்றவர்கள் நீங்கள்தானே?

நான் தலையசைத்தேன்.

அவர் நாணலை விலக்கி ஒரு இடத்தைக் காட்டினார். கோல் நுனியால் தரையைத் தட்டினார். "இல்லி" என்றார். மறுபடி தட்டினார். "இல்லி. இல்லவ்னே, இல்லவ்னே அந்த எஷ்டு கூகிதே! நீவு ஹோக்பிட்ரி."

இல்லி என்றால் இங்கே. அவ்னே என்றால் இருக்கிறான். கிராமத்து வாயில் இரண்டும் ஒட்டிக்கொண்டு இல்லவ்னே ஆகிவிடும். இங்கே இருக்கிறான், இங்கே இருக்கிறான் என்று எவ்வளவு கத்தினேன், நீங்கள் போய்விட்டீர்கள் என்றார் கிழவர். அவர் குரலில் கோபமில்லை. பதில் தெரிந்தாக வேண்டும் என்பது மட்டும் இருந்தது.

என் நாற்பது வார்த்தைகளில் இல்லி இருந்தது. அவ்னேயும் இருந்தது. தனித்தனியாக.

"என்ன சொல்லுதாரு?" என்றாள் மைனி.

"இங்கதான் கெடந்தாராம்."

கிழவர் நிறுத்தவில்லை. ஒற்றை ஆளால் தூக்க முடியவில்லை, நீங்கள் போன பிறகு கிராமத்துக்கு ஓடினேன், கட்டிலும் ஆளும் கொண்டுவருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது, மூச்சும் போய்விட்டது என்றார். எல்லாம் எனக்கு இப்போது நன்றாகப் புரிந்தது. புரிய வேண்டாம் என்று நினைக்கும்போது எந்தப் பாஷையும் புரிகிறது. கடைசியாக அவர் உள்ளங்கையைக் குழித்துத் தன் வாயருகே கொண்டுபோனார். "நீர் கேள்தா" என்றார்.

மைனி அந்தக் கையையே பார்த்தாள்.

"நீர்னு சொன்னாரே?"

"ஆத்துத் தண்ணி ஏறுனதச் சொல்லுதாரு மைனி."

"கைய வாய்க்குக் கொண்டு போறாரே?"

"அது... சாமி கும்புடுத மாதிரி. அண்ணன் கஷ்டப்படலையாம். இங்க வந்து ஒதுங்கும்போதே உசுரு இல்லையாம்."

வாயிலிருந்து அது தடங்கல் இல்லாமல் வந்தது. கிழவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எதைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் தான் சொன்னதற்கு அழவேண்டிய பெண் அழாமல் நிற்கிறாள் என்பது தெரிந்தது. அவர் கோலை எடுத்துக்கொண்டு ஆடுகளிடம் போய்விட்டார்.

மைனி பாலை ஊற்றினாள். மண் உடனே குடித்தது. போணியை ஆற்றில் கழுவினாள். கழுவியதைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே பாலம் வரை நடந்தாள். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்காரவில்லை.

பாஷாவிடம் மட்டும் சொன்னேன். அவன் பீடியைப் பற்றவைத்தான்.

"நீயா போய் சொல்லிடு."

"சொன்னா அண்ணன் திரும்பி வருவாரா?"

"வரமாட்டாரு. ஆனா நீ சொல்லலன்னா அந்தம்மா வேற யார் வாயிலயாவது கேட்டுக்கும். இது ஓசூர்டா. அந்த வார்த்தை ஒரு நாளைக்கு நூறு தடவ காதுல விழும்."

அவன் சொன்னதை நான் யோசிக்கவில்லை. எப்படிச் சொல்வது என்று மட்டும் யோசித்தேன். வாக்கியங்களைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தேன். தண்ணீர்ச் சத்தம் அதிகம் என்று தொடங்கினேன். கந்தன் அவசரப்படுத்தினான் என்று சேர்த்தேன். பிறகு அதை எடுத்துவிட்டேன். எடுத்ததும் மிச்சம் ஒன்றுமில்லை. பதின்மூன்று நாள் இப்படிப் போனது. அவள் தம்பி வீட்டைக் காலி செய்து அவளை ஊருக்குக் கூட்டிப்போகிறான் என்று கேள்விப்பட்ட அன்று காலை போனேன்.

நாராயணம்மா வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை. கோபம் வந்தால்தான் பேசுவாள். தட்டுமுட்டுச் சாமான் கட்டிக் கிடந்தது. தம்பியைக் காணோம். மினிலாரி பேசப் போயிருக்க வேண்டும்.

"அக்கா, வீரலட்சுமி மைனி இருக்காகளா?" என்றேன்.

நாராயணம்மா தேய்த்த கையாலேயே கடைசி வீட்டைக் காட்டினாள்.

"இல்லவ்ளே, நோடு. ஹோகு."

கடைசி வீட்டு வாசலில் மைனி நின்றிருந்தாள். கையில் அந்தத் தூக்குப்போணி, துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. நான் நாலடி தள்ளி நின்றேன்.

"மைனி, ஒரு விஷயம்..."

"அந்த அம்மா இப்ப என்ன சொன்னா?"

நான் நாராயணம்மா பக்கம் திரும்பினேன்.

"ஒனக்குத்தான் பாஷை தெரியுமே. சொல்லு. என்ன சொன்னா?"

"நீங்க... இங்க இருக்கீகன்னு சொன்னா."

"எனக்கு இல்லைன்னுல்லா கேட்டுச்சு" என்றாள்.

துணியின் நுனியை முடிந்தாள். இறுக்கினாள். முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"பத்து நாளா இவ வாசல்ல யாரு வந்து என்னையக் கேட்டாலும் இதத்தான் சொல்லுதா. நான் உள்ள இருப்பேன். இல்லைன்னு அனுப்பிருவான்னு நெனப்பேன். அனுப்ப மாட்டா. நேரே கூட்டிட்டு வந்து விடுவா. மொத நாளு புரியல. ரெண்டாம் நாளு புரியல." முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள். "தண்ணி கேட்டாகளா?"

"ஆமா."

"எந்நேரம் வரைக்கும் இருந்தாக?"

"பொழுது சாயுற வரைக்கும்னு..."

"நான் இன்னொரு தரம் கேளுன்னு சொன்னேன்லா?"

"சொன்னீக."

சேர்த்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட அந்த இடத்தில் இல்லை. தண்ணீர்ச் சத்தம் அதிகம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கையை உயர்த்தவில்லை, திட்டவில்லை. என்னைத் தாண்டி, வந்த பாதையைப் பார்த்தாள். அங்கே வேறு யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதைப் போல. யாரும் வரவில்லை.

போணியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு அவள் பின்னால் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் ஒருமுறை பாதியில் சிக்கியது. அவள் அதை மறுபடி இழுத்து, முழுக்கப் போட்டாள்.